மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: பதிவர் சந்திப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வலைப்பூ எழுதும் பதிவர்களின் சந்திப்புகளை முன்னின்று நடத்தும் விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

மண்டபம் பேசி, நன்கொடை திரட்டி, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே வாசலில் பேனர் கட்டிக்கொண்டு நிற்கும் உங்கள் உழைப்பு எங்களுக்குத் தெரியும். வெவ்வேறு ஊர்களில் சந்திப்பு வேலைகளுக்குக் கைகொடுத்து வருகிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. கேட்பது ஒன்றுதான். தன் வாழ்க்கையை எழுதுகிற, நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற பதிவர் ஒருவர் உங்கள் மண்டபத்துக்குள் வந்து, சாயங்காலம் வரை இருந்து, ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசிவிட்டுப் போக வழி செய்யுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரைக்கு அடுத்தபடி வழக்கமாக எழுதப்படும் ஒரு வரியை மட்டும் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

"பதிவர்கள் அறிமுகம்" என்ற வரி அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம், மைக் கைமாற 20 விநாடி. மொத்தம் 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். ஒரு நிமிடத்தில் யாரும் முடிப்பதும் இல்லை. முன்வரிசைக்காரர்கள் நாலைந்து நிமிடம் பேசுவார்கள். பன்னிரண்டு மணி நெருங்கும்போது தொகுப்பாளர் பதறிப்போய், "இனி வர்றவங்க பெயர், வலைப்பூ மட்டும் சொன்னா போதும்" என்பார். கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? கூச்சப்படுகிறவர்கள்தான். முதல் ஆள் எழுந்ததிலிருந்து தன் முறை எப்போது வரும் என்று நெஞ்சு படபடக்கக் காத்திருந்தவருக்குக் கடைசியில் கிடைப்பது பத்து விநாடி. அதற்குள்ளேயே சிலர் பாத்ரூம் போவதுபோல எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பேருந்து நிலையம் போய்விடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், சாப்பாட்டு டோக்கன் மட்டும் திரும்பி வராது. அந்தக் கணக்கை ஒருமுறை பார்த்தீர்களானால் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று தெரிந்துவிடும்.

இதில் சொந்த அனுபவம் எழுதுகிறவர்களின் நிலைமை தனி. திரை விமர்சனமோ தொழில்நுட்பமோ அரசியலோ எழுதுகிறவருக்கு மைக்கில் சொல்ல ஒரு பொருள் இருக்கிறது. அப்பாவின் கடைசி நாட்களையும், கரு கலைந்த வாரத்தையும், புகுந்த வீட்டு அடுக்களையையும் எழுதுகிறவர் "நான் இன்னதைப் பற்றி எழுதுகிறேன்" என்று 150 பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? எழுத்தில் அதைச் சொல்ல அவருக்கு நடுராத்திரியும் தனிமையும் தேவைப்பட்டன. மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் அவர் வீட்டுக் கதையைப் படித்தவர்கள். அவருக்கோ யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று தெரியாது. "நீங்கதானா அது? அப்புறம் உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?" என்று யாராவது அன்போடு உரக்கக் கேட்டாலே போதும், அவர் அடுத்த வருடம் வரமாட்டார்.

பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்தபின் ஒருவர் எழுதியது உடனுக்குடன் இன்னொருவர் கண்ணில் பட்டது. பதிவுக்குக் கீழே வாசகர் கருத்து எழுதும் பின்னூட்டப் பெட்டியில்தான் பல நட்புகள் முளைத்தன. எழுதி, நிறுத்தி, அழித்து, திருத்தி அனுப்ப அங்கே நேரம் இருந்தது. கூச்சக்காரர்கள் அந்த இடத்தில் தாராளமாகப் பேசினார்கள். அதே ஆட்களை மண்டபத்துக்குக் கூப்பிடும்போது அந்த வசதியையும் கொஞ்சம் கூடவே கொண்டுவர முடியும். எப்படி என்று சொல்கிறோம்.

மேடைக்கு எதிர்ப்பக்கம் அல்லது பக்கவாட்டில் ஒரு கயிறு கட்டுங்கள். பதிவு செய்யும்போதே ஒவ்வொருவரிடமும் தங்கள் பதிவிலிருந்து ஒரே ஒரு பத்தியை, 120 சொல்லுக்கு மிகாமல், தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். ஏ4 தாளில் 16 புள்ளி எழுத்தில் அச்சிடுங்கள். மேலே வலைப்பூவின் பெயர் மட்டும் இருக்கட்டும், எழுதியவர் பெயர் வேண்டாம். தாளின் அகலம் 21 செ.மீ., இடைவெளி 10 செ.மீ. என்று வைத்தால் 80 தாள் வந்தால் இரண்டு வரிசையாகக் கட்ட வரிசைக்குப் பன்னிரண்டரை மீட்டர், மொத்தம் 25 மீட்டர் நைலான் கயிறு. முடிச்சுக்கு மேலும் மூன்று மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். தாளுக்கு இரண்டு துணி க்ளிப். மேல் கயிறு தரையிலிருந்து 170 செ.மீ., கீழ்க் கயிறு 130 செ.மீ. இருந்தால் குனியாமலும் அண்ணாந்து பார்க்காமலும் படிக்கலாம். கல்யாண மண்டப மின்விசிறிக் காற்றில் வெறும் தாள் படபடவென்று அடித்துக்கொண்டு சுருண்டுவிடும். அதனால் பின்னால் ஒரு சார்ட் அட்டை ஒட்டிவிடுங்கள்.

பக்கத்தில் ஒரு மேசையில் கையகலச் சீட்டுகளும் பேனாக்களும். படித்தவர் இரண்டு வரி எழுதித் தாளோடு க்ளிப்பில் மாட்டிவிட்டுப் போவார். பின்னூட்டம்தான், காகிதத்தில். 80 தாளுக்கு 500 சீட்டாவது வெட்டி வையுங்கள். பேனா 20 வையுங்கள், மாலைக்குள் பாதி காணாமல் போகும். சந்திப்பு தொடங்குவதற்கு முன்னால் தன்னார்வலர்கள் நாலு பேர் எல்லாத் தாளிலும் குறைந்தது ஒரு சீட்டாவது இருக்கும்படி படித்து எழுதிவிட வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சீட்டே இல்லாமல் தொங்கும் தன் தாளைவிட, வந்தவரை நோகடிப்பது வேறில்லை. சீட்டு நிறைந்த கயிற்றின் முன்னால் நிற்கும் இருவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. "இது உங்களுடையதா?" என்று கேட்டால் அதைப் பற்றி மேலே பேசுவதும் பேசாததும் அவர் விருப்பம்.

கழுத்து அட்டைக்கு வருவோம். ஏ6 அளவு, அதாவது ஒரு ஏ4 தாளில் நாலு. பதிவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது வலைப்பூவின் பெயரால்தான் என்பதால் அது பெரிதாக, எழுத்தின் உயரம் ஒரு செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சிறிதாக அச்சிட்டால் படிப்பதற்கு முகம் அருகே வந்து குனிய வேண்டியிருக்கும். கூச்சப்படுகிறவருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அது பெரிய சங்கடம். கழுத்துக் கயிற்றுக்குப் பதிலாக ஊக்கு குத்திய அட்டையும் ஒரு தட்டில் இருக்கட்டும், சேலை முந்தானையிலோ துப்பட்டாவிலோ தோளருகே குத்திக்கொள்வார்கள். ஒரே துளையில் மாட்டிய அட்டை சுழன்று முதுகைக் காட்டும், ஆகவே இரு பக்கமும் அச்சிடுங்கள். சொந்தப் பெயர், ஊர் இரண்டும் விரும்பினால் மட்டும். புனைபெயரில் எழுதுகிறவரிடம் வரவேற்பு மேசையில் "உண்மைப் பெயர் என்னங்க?" என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

அந்த மேசையில் உட்கார்பவரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். மண்டபத்துக்குள் நுழையும் முதல் கால் மணி நேரம்தான் கஷ்டமானது. கணீரென்று பேசுகிறவரை அங்கே உட்கார வைப்பது வழக்கம். அவர் வலைப்பூவின் பெயரைக் கேட்டு உரக்கத் திருப்பிச் சொல்லுவார், பின்னால் நிற்கும் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அட்டைகளை அகர வரிசையில் பரப்பி வைத்துவிட்டால் வருகிறவர் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்வார். பதிவுப் படிவத்திலேயே "அன்றைக்கு ஏதாவது சின்ன வேலை எடுத்துக்கொள்ள விருப்பமா?" என்று ஒரு கேள்வி வையுங்கள். தண்ணீர் பாட்டில் கொடுப்பது, சீட்டு வெட்டுவது, கயிற்றில் தாள் மாட்டுவது, எதுவாக இருந்தாலும் சரி. கையில் வேலை இருந்தால் எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது என்ற தவிப்பு பாதி குறைந்துவிடும்.

படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய பயம் அங்கேயே தொடங்குகிறது. கூகுள் படிவத்தில் பதில்களின் தொகுப்பை நிரப்பியவர்களுக்குக் காட்டும் தெரிவு ஒன்று உண்டு. அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பதில்கள் சேரும் விரிதாளின் இணைப்பை விழாக் குழுவின் பொதுக் குழுமத்தில் போடாதீர்கள். யார் வேண்டுமானாலும் திறக்கும்படி வைத்த இணைப்பு ஒரே நாளில் ஊர் சுற்றும். பெயர், கைப்பேசி எண், புனைபெயர் மூன்றும் ஒரே வரியில் இருக்கும் தாள் அது. ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், சந்திப்பு முடிந்த இரண்டு வாரத்தில் அழித்துவிடுங்கள்.

அடுத்து வாட்ஸ்அப். வருகிறவர்கள் எல்லோரையும் ஒரு குழுமத்தில் சேர்த்தால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண் பதிவர்கள் பலர் வெளியேறுவது அந்த நிமிடத்தில்தான். ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) வைத்தால் எண் தெரியாது, ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும், பட்டியலுக்கு 256 பேர் என்ற வரம்பும் உண்டு. 'கம்யூனிட்டி' தொடங்கி அதன் அறிவிப்புக் குழுவில் சேர்ப்பது நல்லது, அங்கே உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்றால் பழைய மின்னஞ்சலே போதும். முகவரிகளை மறைநகல் (Bcc) கட்டத்தில் போடுங்கள்.

புகைப்படம். இதில் நல்ல மனசுக்காரர்களே அதிகம் தவறு செய்கிறார்கள். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் தெரியாமல் புனைபெயரில் எழுதுகிறவர்கள் உங்கள் மண்டபத்தில் இருப்பார்கள். பேஸ்புக்கில் ஒரு படம், அதில் ஒருவர் பெயரை 'டேக்' செய்து கோத்துவிட்டால் பல வருடம் காத்த மறைவு ஒரே மாலையில் போய்விடும். மூன்று நிறக் கழுத்துக் கயிறு வாங்குங்கள்: பச்சை என்றால் எடுக்கலாம், மஞ்சள் என்றால் கேட்டு எடுக்கலாம், சிவப்பு என்றால் எடுக்கவே கூடாது. ஊக்கு அட்டை குத்துகிறவர்களுக்கு அதே மூன்று நிறத்தில் ஒரு வில்லையை ஒட்டிக் கொடுங்கள். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்கள் தாங்களே நடத்திய கூட்டங்களில், பேச விருப்பமா இல்லையா என்பதைக் காட்ட இதே மூன்று நிற அட்டைகளைக் கையாண்டார்கள். கயிறு மட்டும் போதாது. மேடையிலிருந்து கூட்டத்தை மொத்தமாக எடுக்கும் படத்தில் சிவப்பும் சேர்ந்து விழும். அதற்காக மண்டபத்தின் ஒரு பக்கம், கடைசி நாலு வரிசையைப் படமெடுக்காத பகுதி என்று நாடா கட்டிப் பிரித்துவிடுங்கள். நேரலைக் கேமரா மேடையை மட்டும் பார்க்கட்டும். குழுப் படத்துக்குக் கால் மணி நேரம் முன்பே அறிவித்துவிடுங்கள், விருப்பமில்லாதவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். எல்லோரும் வரிசையாக நின்றபிறகு ஒருவர் மட்டும் விலகி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள்.

மைக்கை முழுக்க ஒழிக்கச் சொல்லவில்லை. பேச விரும்பிப் பெயர் கொடுத்தவர்களில் குரல் சன்னமானவர்களும் இருப்பார்கள். காலையில் மைக் சோதிக்கும்போது தன்னார்வலர்களிலேயே உரத்த குரல்காரர் "ஹலோ, மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ" என்று சொல்லிப் பார்த்து, அதற்கேற்ப ஒலி அளவை வைத்துவிடுகிறார்கள். அப்புறம் கூச்சப்படுகிறவர் வந்து மைக்கை மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு மெல்லப் பேசுவார். பின்னாலிருந்து "கேக்கலை" என்று குரல் வரும். ஒலிபெருக்கிக்காரர் அளவைக் கூட்டுவார். பெட்டியில் வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து கீச்சென்று ஊளையிடும். பேசுகிறவர் தன்னால்தான் அது நடந்தது என்று நினைத்து "நன்றி, வணக்கம்" சொல்லி இறங்கிவிடுவார். சோதனைக்கு மிகச் சன்னமான குரலுள்ளவரை நிறுத்துங்கள். ஸ்பீக்கர் பெட்டிகள் பேசுகிறவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும், ஒருபோதும் அவர் முதுகுக்குப் பின்னால் கூடாது. வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம் பாதியானால் மைக்குக்குள் போகும் ஒலியழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும். நாலு விரல் தூரத்தில், மோவாய்க்கு நேராகப் பிடிக்கும்படி மேடைக்கு ஏறும் முன்பே ஒருவர் காட்டிக்கொடுத்தால் போதும். உட்கார்ந்தபடி பேசவும், எழுதி வந்ததைப் படிக்கவும், தனக்குப் பதில் இன்னொருவரைப் படிக்கச் சொல்லவும் இடம் கொடுங்கள்.

எல்லோருக்கும் அறிமுகம் வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். வருகிறவர்களே நிரலை அமைத்துக்கொள்ளும், 2005இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பார்கேம்ப் கூட்டங்களில் பெயரும் மூன்று சொற்களும் மட்டும் சொல்லும் வழக்கம் உண்டு. "மழை, மதுரை, மகள்" என்று சொன்னால் முடிந்தது. அதையும் எட்டுப் பேர் வட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி எட்டு, வட்டத்துக்கு ஒரு பொறுப்பாளர், நேரம் 40 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம், ஒரு பத்தியைத் தந்து மௌனமாகப் படிக்கச் சொல்லுங்கள். தலைப்பும் சொந்த அனுபவம் எழுதுகிறவர்களுக்கு உரியதாக இருக்கட்டும்: வீட்டாரைப் பற்றி அவர்கள் மனம் நோகாமல் எழுதுவது, பழைய பதிவை அழிப்பதா வைப்பதா, துக்கத்தை எழுதும்போது வரும் பின்னூட்டங்களை எப்படி எடுத்துக்கொள்வது. வட்டங்களுக்கு நடுவே மூன்று மீட்டராவது விடுங்கள். நெருக்கமாக வைத்தால் பக்கத்து வட்டத்தின் சத்தத்துக்கு மேலே பேச ஒவ்வொருவரும் குரலை உயர்த்துவார்கள், சன்னக் குரல் முதலில் அடங்கிப்போகும்.

நின்று பேசும் இடைவேளைக்கு எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருளாளர் சொன்ன ஒரு நல்ல விதி இருக்கிறது. பேக்மேன் விளையாட்டில் வரும் வாய் திறந்த வட்டத்தைப்போல, கூடி நிற்கும்போது இன்னொருவர் வந்து சேர ஓர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும், ஒருவர் சேர்ந்ததும் அடுத்தவருக்கு மறுபடி விட வேண்டும். பழைய நண்பர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வட்டத்துக்குள் புதியவரால் நுழைய முடியாது. காலையில் இதை ஒருமுறை மேடையில் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு பஃபே வேண்டாம். இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். பஃபேயில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கூட்டத்தோடு நிற்பது என்று தெரியாமல் கூச்சப்படுகிறவர் தூணோரம் போய்விடுவார். நம் பந்தியைப்போல அவருக்கு உதவும் ஏற்பாடு உலகத்தில் வேறெங்கும் இல்லை. வந்த வரிசையில் உட்கார வேண்டும், அரை மணி நேரம் பக்கத்து ஆள் மாறமாட்டார், இருவரும் இலையைப் பார்த்தபடியே பேசலாம், பேச்சு நின்றால் ரசம் வந்துவிடும். "இந்தக் கூட்டு நல்லா இருக்குல்ல?" என்ற ஒரு வரியிலிருந்து எத்தனையோ பேச்சு கிளம்பும். தன்னார்வலர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நண்பர்களுக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்க விடாமல், வந்த வரிசைப்படி இலையை நிரப்ப வேண்டும்.

மணமகள் அறை, மணமகன் அறை என்று மண்டபத்தில் இரண்டு அறை இருக்கும். இரண்டையும் சிறப்பு விருந்தினர்களுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒன்றை அமைதி அறையாக வையுங்கள், பேச்சில்லை, மின்விசிறி, நாலு நாற்காலி, தண்ணீர். மேடையை ஒட்டிய அறையென்றால் போகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள், மாடி அறை இருந்தால் அதைக் கொடுங்கள். அரை மணி அங்கே உட்கார்ந்தவர் மறுபடி கீழே வருவார். அப்படி ஓர் இடம் இல்லையென்றால் வீட்டுக்குத்தான் போவார்.

பொன்னாடை பற்றி ஒரு சொல். முன்கூட்டிக் கேட்காமல் யாரையும் "மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்" என்று கூப்பிடாதீர்கள். விருது இருந்தால் ஒரு வாரம் முன்பே தனி மடலில் சொல்லி, மேடையில் வாங்குவதா, கையில் வாங்குவதா, தபாலில் அனுப்பலாமா என்று கேளுங்கள்.

ஒரு வாரம் முன்பு எல்லோருக்கும் ஒரு மடல் போக வேண்டும். மண்டப வாசலின் படம், உள்ளே நுழையும் கதவு மேடைக்கு எதிரில் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா, கழிவறை எங்கே, பேருந்து நிலையத்திலிருந்து எந்த எண் பேருந்து, ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்கு எது நடக்கும், நடுவில் எழுந்து போகலாமா. கூச்சப்படுகிறவர் முந்தைய இரவு இதையெல்லாம் மனதுக்குள் நடந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். தெரியாத ஆளோடு அறையைப் பகிரச் சொன்னால் வரவே மாட்டார். ஆகவே குளித்து உடை மாற்ற மட்டும் மணிக்கணக்கில் கிடைக்கும் விடுதிகளின் பெயரையும் வாடகையையும் சேர்த்து அனுப்புங்கள். நாலரை மணிக்கு முடித்தால் வெளியூர்ப் பெண்கள் இருட்டும் முன்பே பேருந்தில் ஏறிவிடலாம்.

2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் நடந்த பதிவர் பட்டறையில் புதியவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சும் வலைப்பூ தொடங்குவதும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு திரையை இருவர் சேர்ந்து பார்க்கும் அந்த ஏற்பாட்டில் கூச்சத்துக்கு வேலையே இல்லை. அதையும் ஒரு மணி நேரமாவது நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பழைய பதிவுகளைத் தரவிறக்கிப் பத்திரப்படுத்துவது, வலைப்பூவின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவை மாற்றுவது, எழுத்துரு சிக்கல் தீர்ப்பது.

வரலாமா வேண்டாமா என்று இதைப் படித்துக்கொண்டிருக்கும் பதிவருக்கும் ஒரு பத்தி. முதல் ஆளாக வாருங்கள். கூட்டம் நிறைந்த மண்டபத்துக்குள் நுழைவதைவிட, நாலு பேர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும் மண்டபத்துக்குள் நுழைவது எளிது. வருவதற்கு முன்பே நீங்கள் வாசிக்கும் ஒரு பதிவருக்கு மட்டும் எழுதி, காலை டீக்குச் சந்திக்கலாமா என்று கேளுங்கள். மதியச் சாப்பாடு வரைதான் இருப்பேன் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு, திரும்பும் பேருந்து நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாருங்கள்.

குழுவினரே, அடுத்த சந்திப்புக்கு நிரல் எழுதும்போது அறிமுகத்துக்கு ஒதுக்கிய மூன்று மணி நேரத்தை எடுத்து வட்டத்துக்கும் கயிற்றுக்கும் பந்திக்கும் பகிர்ந்து பாருங்கள். கயிறு கட்டவும், அட்டை வெட்டவும், சன்னக் குரலில் மைக் சோதிக்கவும் ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். முந்தைய நாள் மாலையே வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
சந்திப்பு வேலைகளில் கைகொடுக்கும் பதிவர்கள் சிலர்